கேடோகனின் ஜோடி

அபட் என்று குமாஸ்தா கூப்பிட்டார், ஆம் என்று பதில் வந்தது, அவ்வளவுதான், ஓட்டெடுப்பு தொடங்கிவிட்டது, இனிமேல் கூரையே இடிந்து விழுந்தாலும் கடைசிப் பெயர்வரை கூப்பிட்டுவிட்டுத்தான் நிறுத்துவார்கள். கடைசிப் பெயர் ஹைரம் விட்லாக்குடையது. அந்த மாநில மேல்சபையில் இதே நாற்காலியில் பத்துப் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறான், ஆங்கில எழுத்து வரிசையில் தன் பெயர் வாலில் வருவதை ஆண்டவன் தனக்கென்றே செய்துவைத்த ஏற்பாடாக நினைத்து வந்திருக்கிறான். மற்றவர்கள் எல்லாம் ஆமோ இல்லையோ சொல்லி முடிக்கும்வரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பான். எந்தப் பக்கம் ஜெயிக்கிறது என்று தெரிந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சேருவான். சேர்ந்துவிட்டு, தன்னால்தான் ஜெயித்தது என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வான். அதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டுமே. இன்றைக்குத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டை நைந்ததுதான் மிச்சம். யார் எந்தப் பக்கம் என்று காலையிலேயே எல்லாருக்கும் தெரியும். அவன் ஓட்டுப் போடாவிட்டால் மசோதா ஒரே ஓட்டில் தேறிவிடும், இல்லை என்று சொன்னால் இரண்டு பக்கமும் சமமாகி மசோதா செத்துப்போகும். இத்தனை வருஷம் பக்கம் பார்த்துப் போனவனுக்கு இன்றைக்குப் போய்ச் சேர ஒரு பக்கமும் இல்லை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு கரியடுப்புகள் எரிந்தும் அவன் பாதங்கள் விறைத்துக் கிடந்தன, ஈரக் கம்பளிக் கோட்டும் மெல்லுகிற புகையிலையும் சேர்ந்து அடிக்கிற வாடை, இத்தனை நாள் மூக்கில் உறைக்காத வாடை, இன்றைக்கு உறைத்தது.

பாஸ்கம் என்றார் குமாஸ்தா. இல்லை என்றார் பாஸ்கம், ஹைரமின் கட்சிக்குச் சபையில் தலைவர், தொண்டையில் எப்போதும் கோபம் இருக்கிற மனிதர். மசோதா என்று பார்த்தால் ஒன்றும் உலகத்தைப் புரட்டுகிற சமாசாரமில்லை. நிலக்கரிச் சுரங்கம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய் வெட்ட வேண்டும், ஏறி இறங்க ஒன்று, ஆபத்துக்கு ஒன்று, அவ்வளவுதான். கம்பெனிகளுக்கு அது பிடிக்கவில்லை, கம்பெனிகளுக்குப் பிடிக்காதது ஹைரமின் கட்சிக்கும் பிடிக்கவில்லை. அதனால் அவன் போட வேண்டிய ஓட்டு, இல்லை என்பது. ஆனால் அவனால் ஓட்டுப் போட முடியாது, ஏனென்றால் அவனுக்கு ஒரு ஜோடி உண்டு. ஜோடி என்றதும் கல்யாணக் காரியம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தச் சபைகளில் ஒரு வழக்கம். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இரண்டு பேர். ஒருவனுக்கு உடம்பு முடியவில்லை, ஊருக்குப் போக வேண்டும். மற்றவன் அவன் கையைப் பிடித்து, நீ திரும்பி வரும்வரை நானும் ஓட்டுப் போடமாட்டேன் என்று சொல்லிவிடுவான். ஆம் பக்கத்தில் ஒன்று குறையும், இல்லை பக்கத்தில் ஒன்று குறையும், நியாயம் கெடாது. எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது, வாய்ச்சொல்தான். அதை மீறினவனோடு அதற்குப் பிறகு எந்தக் கட்சிக்காரனும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடமாட்டான். ஹைரமின் ஜோடி ஓவன் கேடோகன். சின்ன வயசில் சுரங்கத்தில் கரி வெட்டி, பிறகு தொழிலாளிகள் ஓட்டில் சபைக்கு வந்தவர், இந்த மசோதாவைக் கொண்டுவந்ததே அவர்தான். கொண்டுவந்துவிட்டு நெஞ்சுச் சளியோடு ஊருக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

அந்தக் கேடோகன் செத்துப்போய்விட்டார். இது சபையில் ஹைரமைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. காலையில் ஹோட்டலில் லெமுவல் ஹார்கின் சொன்னார். ஹார்கின் எந்தச் சபையிலும் உறுப்பினர் கிடையாது. ரயில் கம்பெனிக்கும் கரிக் கம்பெனிக்கும் வேண்டியதைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை, கட்சி வேட்பாளர் யார் என்று அவர் வாயிலிருந்து வந்த பிறகுதான் கட்சிக்கே தெரியும். முட்டையை உடைத்துக்கொண்டே சொன்னார், ஏதோ பனி விழுகிறது என்று சொல்வதுபோல. "கேடோகன் செத்துட்டான். விடியறதுக்கு முன்னாடி." ஹைரம் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டான். "அவங்க ஊர்ல தந்தி ஆபீஸ் நம்ம ரயில் ஸ்டேஷன்லதானே இருக்கு," என்றார் ஹார்கின், "வெளித் தந்தி எதுவும் மத்தியானம் வரைக்கும் நகராதுன்னு சொல்லியாச்சு. இப்பவே தெரிஞ்சா என்ன ஆகும்னு உனக்கே தெரியும்." தெரியும். உறுப்பினர் செத்த சேதி வந்தால் சபையை அந்த நிமிஷமே கலைத்துவிடுவது வழக்கம்; துக்கம் முடிந்து கூடும்போது பத்திரிகைகள் கண்ணீர் வடித்திருக்கும், இரக்கப்பட்டு இரண்டு மூன்று பேர் மனசு மாறியிருப்பார்கள். "செத்தவனோட என்ன ஜோடி? உன்னைக் கட்டினது அவுந்து போச்சு. பேரைக் கூப்பிட்டதும் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு. வாக்கு மாறிட்டேன்னு கொஞ்ச நேரம் கண்டபடி திட்டுவானுங்க, வாங்கிக்கோ. அப்புறம் தந்தி வரும், தானா வாயை மூடிப்பானுங்க. வர்ற தேர்தல்ல வாஷிங்டன் பெரிய சபைக்குப் போற இடம் உனக்குத்தான்." மாட்டேன் என்றால் என்ன ஆகும் என்று ஹைரம் கேட்கவில்லை. கேட்காமலே ஹார்கின் சொன்னார், "உன் இடத்துல நிக்க உன் தொகுதியில வேற வக்கீலுக்கா பஞ்சம்?" சொல்லிவிட்டு உப்பைக் கேட்டார். ஹைரம் உப்பை எடுத்துக் கொடுத்தான். அதுதான் இப்போது அவனை அரித்தது, ஒரு மனிதன் செத்துப்போன சேதியைக் கேட்டுவிட்டு, அடடா என்றுகூடச் சொல்லாமல், கையை நீட்டி உப்பை எடுத்துக் கொடுத்தேனே, என் கை இப்படியா பழகிப்போயிருக்கிறது.

கேடோகன், என்றார் குமாஸ்தா. பதில் இல்லை என்றால் இரண்டாம் தடவையும் கூப்பிட வேண்டும், விதி அப்படி. கேடோகன். மனிதர் அங்கே தாடையைத் துணியால் கட்டி, கண்ணிமை மேல் காசு வைத்துக் கிடக்கிறார், இங்கே பெயரைச் சொல்லிப் பதில் கேட்கிறார்கள், கூப்பிடாதீர்களய்யா, எங்கேயாவது பதில் சொல்லித் தொலைத்துவிடப் போகிறார். மூன்றாவது வரிசையில் அவர் நாற்காலி காலியாக இருந்தது, யாரோ தன் தொப்பியை அதில் கழற்றி வைத்திருந்தார்கள். ஆள் செத்தது தெரிந்தால் வைப்பார்களா? சத்தம் போட்டுச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது, தோன்றிய வேகத்திலேயே அடங்கியது, பெயர் கூப்பிடும்போது ஆம், இல்லை, ஜோடி, இந்த மூன்றைத் தவிர வேறு பேச்சுக்கு இடமில்லை, சபைத் தலைவர் சுத்தியலால் தட்டி உட்கார வைத்துவிடுவார். ஹார்கின் எல்லாவற்றையும் யோசித்துத்தான் வைத்திருக்கிறார். கேடோகனின் கை அவனுக்கு ஞாபகம் வந்தது. ஊருக்குக் கிளம்பின அன்றைக்கு நீட்டின கை, கரித்தூள் தோலுக்கடியில் போய் நீலமாகத் தங்கிவிட்ட கை, ஒரு விரலில் நுனி கிடையாது, காய்ச்சலில் கொதித்தது. "உன்னை நம்பித்தான் போறேன், ஹைரம்," என்று சொல்லிவிட்டு இருமினார். அவனை நம்பி யாரும் எங்கேயும் போனது கிடையாது. வேண்டியவர்கள்கூட, விட்லாக்கா, நல்லவன், ஆனால் என்று ஒரு ஆனால் போட்டுத்தான் பேசுவார்கள். கேடோகன் சொன்ன அந்த வார்த்தை இரண்டு நாள் அவனுக்குள் வெதுவெதுப்பாக இருந்தது என்றே சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் கோட்டு மாட்டுகிற அறையில் அதுவும் போயிற்று.

அந்த அறையில் கோட்டுகளுக்குப் பின்னால் அவன் நின்றிருந்தது அந்தப் பக்கம் பேசினவர்களுக்குத் தெரியாது. கேடோகனின் கட்சிக்காரர்கள் இரண்டு பேர். போயும் போயும் விட்லாக்கோடயா ஜோடி சேர்ந்தாரு, காத்தடிச்சா எந்தப் பக்கமும் சாயற ஆளாச்சே, என்றான் ஒருவன். மற்றவன் சிரித்தான். "நானும் அதைத்தான் கேட்டேன். கேடோகன் என்ன சொன்னார் தெரியுமா? தைரியசாலியோட ஜோடி சேர்ந்தா ஆபத்து, கொள்கை அது இதுன்னு வாக்கை மீறிடுவான். விட்லாக் பயந்தாங்கொள்ளி, மீறவே மாட்டான்னார்." கோட்டுகளுக்கு நடுவே நின்று ஹைரம் அதைக் கேட்டான். வெளியே வந்து, ஒன்றும் நடக்காதவன்போல இரண்டு பேருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து அந்த முள் உள்ளேயே கிடக்கிறது. இப்போது யோசித்துப் பாருங்கள், மனிதன் எப்படி மாட்டிக்கொண்டான் என்று. இல்லை என்று சொன்னால் ஹார்கினுக்குப் பயந்தவன். ஜோடி என்று சொன்னால், பயந்தாங்கொள்ளி மீறமாட்டான் என்று கேடோகன் சொன்னது சரியாகிவிடும். இந்தப் பக்கமும் பயந்தவன், அந்தப் பக்கமும் பயந்தவன், தைரியமான பக்கம் என்று ஒன்று இருந்தால் அது எங்கே, எந்தச் சொல்லில் இருக்கிறது? இல்லை என்பது தைரியமா, எல்லாரும் காறித்துப்புவார்கள் என்று தெரிந்தும் சொல்கிறதால்? ஆனால் காறித்துப்புவது கொஞ்ச நேரம்தான் என்று தெரியுமே. ஜோடி என்பது தைரியமா, வாஷிங்டனை விட்டுக்கொடுக்கிறதால்? ஆனால் செத்தவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றுதானே பிடரி கூசுகிறது. செத்தவர் எப்படிப் பார்ப்பார்? பார்க்கமாட்டார். அப்படியானால் ஏன் கூசுகிறது? திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வந்து நின்றான், செக்கைச் சுற்றுகிற மாடு மாதிரி.

டில், ஆம். ஈஸ்ட்லேக், இல்லை. கோரம், ஆம். அவன் ஜாதகமே இப்படித்தான். இருபது வயசில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தபோது பண்ணைப் பையன்கள் அவனைத் தூக்கிக் கொண்டுபோய்ப் பனியில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அன்றைக்கு வெளியே நின்று கதவைத் தட்டாமல், இருட்டுகிற வரைக்கும் நடந்துகொண்டே இருந்தான், தட்டினால் திறந்து அடிப்பார்களோ என்று. அதன் பிறகுதான் சட்டம் படித்தான், அடிக்கிறவனுக்கும் அடிவாங்கினவனுக்கும் நடுவில் மேஜை போட்டு உட்காருகிற தொழில். பழைய கட்சி ஆட்டம் கண்டபோது எல்லாருக்கும் முன்னால் புதுக் கட்சியில் சேர்ந்தான். தொலைநோக்கு என்று பத்திரிகையில் போட்டார்கள். தொலைநோக்காவது ஒன்றாவது, விரிசல் விட்ட கூரைக்குக் கீழே படுக்கப் பயம், அவ்வளவுதான். அடிமைமுறையை எதிர்த்து அவன் பேசின பேச்சைப் புகழாதவர் இல்லை. அதையும் எப்போது பேசினான், தொகுதியில் பாதிக்கு மேல் எதிர்க்கிறார்கள் என்று தெரிந்த பிறகு பேசினான். பிறகு அதற்காகவே போர் வந்தது. பட்டாளத்துக்குச் சீட்டில் பெயர் விழுந்தால் பதிலுக்கு ஆள் அனுப்பலாம், சட்டமே இடம் கொடுத்தது, அவனைப்போல எத்தனையோ கனவான்கள் அனுப்பினார்கள். ஹைரம் அனுப்பினது மத்தியாஸ் என்கிற பீப்பாய் செய்கிற ஜெர்மன்காரனை. ஒரு கையை விட்டுவிட்டுத் திரும்பி வந்தான். கோபித்துக்கொண்டாலாவது பரவாயில்லை. ஹைரம் பேசுகிற கூட்டம் தவறாமல் வருவான், முதல் வரிசையில் நிற்பான், கைதட்ட முடியாது என்பதால் பூட்ஸ் காலால் பலகையைத் தட்டுவான், நம்ம ஆளு, நம்ம ஆளு என்று பக்கத்திலிருப்பவனிடம் பெருமையாகச் சொல்வான். அந்தத் தட்டல் கேட்டால் ஹைரமுக்குப் பேச்சு குழறும். உனக்கென்ன பைத்தியமா, என் மேல் ஏனய்யா உனக்குக் கோபமே வரவில்லை என்று ஒருநாள் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தான், கேட்கவில்லை, வந்துவிட்டால் என்ன செய்வது. ஹைரமின் மனைவி லவீனியா ஒரு ராத்திரி சாப்பாட்டின்போது, வம்புக்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், "நீங்க யாருக்காவது முடியாதுன்னு முகத்துக்கு நேரே சொல்லியிருக்கீங்களா?" அவன் யோசித்துப் பார்த்து, நாய்களுக்குச் சொல்லியிருக்கிறேன் என்றான். அவள் சிரிப்பாள் என்று பார்த்தான். சிரிக்கவில்லை.

ஹாப்ஸ், இல்லை. கிம்மல், ஆம். தலையைத் தூக்கிப் பார்வையாளர் மாடத்தைப் பார்க்கக்கூடாது என்று இருந்தான், பார்த்துவிட்டான். ஹார்கின் கம்பியில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, நாடகம் பார்க்க வந்தவர் மாதிரி இருந்தார். அவருக்கு நாலு இடம் தள்ளி, காட்ரின். ஐயோ, காட்ரின். கேடோகனின் மகள், இந்த ஊரிலேயே பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள், அப்பாவின் மசோதா என்ன ஆகிறது என்று கேட்டு எழுதுவதற்காகத் தினமும் வருகிறவள். மடியில் கம்பளி நூல், எதையோ பின்னிக்கொண்டிருந்தாள், சாம்பல் நிறத்தில், ஆண்பிள்ளை போடுகிற கழுத்துத்துணி. அவருக்குத்தான். அப்பாவுக்கு நெஞ்சுச் சளி என்று பின்னுகிறாள். ஹைரம் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள், பார்த்துத் தலையசைத்தாள், சின்னதாக ஒரு சிரிப்பு, எங்கப்பா உங்களை நம்புகிறார், நானும்தான் என்கிற சிரிப்பு. அவர் இறந்து இத்தனை நேரம் ஆகிவிட்டது, பெற்ற பெண்ணுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், அந்த ஹார்கின் அவளுக்கு நாலு இடம் தள்ளி உட்கார்ந்துகொண்டு அவள் நூலுருண்டை கீழே விழுந்தால் எடுத்துக்கொடுப்பார் போலிருக்கிறது. நாலு இடம். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே எப்படி உட்கார்ந்திருக்கிறார்? நீ எப்படி உட்கார்ந்திருக்கிறாய், ஹைரம்? அதே மாதிரித்தான். அவர் மேலே, நீ கீழே, வேறென்ன வித்தியாசம். கண்ணாடியைக் கழற்றினான். எல்லாம் மங்கலாயிற்று, அவளும் ஹார்கினும் ஒரே கறுப்புத் திட்டாகிவிட்டார்கள், அது இன்னும் மோசமாக இருந்தது, மறுபடியும் மாட்டிக்கொண்டான்.

லாத்ரப், இல்லை. இன்னும் கொஞ்சம் பேர்தான். வாய் உலர்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது, ஒன்றுக்குப் போக வேண்டும்போல் இருந்தது, எழுந்து வெளியே போய்விட்டால் என்ன, வயிற்றுவலி என்று, ஆனால் வெளியே போனால் ஓட்டு இல்லை, ஓட்டு இல்லாவிட்டால் மசோதா தேறிவிடும், ஓடிப்போனான் என்றுதான் ஹார்கின் எடுத்துக்கொள்வார். கிரே ஹாலோ ஞாபகம் வந்தது, வரக்கூடாது என்று அழுத்திவைத்திருந்தது. அவன் தொகுதியில் இருக்கிற சுரங்க ஊர். சுரங்கத்தின் ஒற்றை வாயில் மரச்சட்டம் தீப்பிடித்துக்கொண்டது, கீழே இருந்தவர்களுக்கு வேறு வழி இல்லை. அடக்கத்தன்று ஹைரம் போய்ப் பேசினான், நன்றாகவே பேசினான், அழுதார்கள். பிறகு செத்தவர்களில் ஒருவன் வீட்டில் உட்கார வைத்தார்கள், அந்த அம்மாள் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள், ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். மேஜை மேல் ஒரு தகரச் சாப்பாட்டு வாளி இருந்தது, அவள் புருஷனை மேலே கொண்டுவந்தபோது அவனோடு கூடவே இருந்ததாம். மூடியைத் திறக்காமலே வைத்திருந்தாள். பாதி சாப்பிட்டிருப்பானோ, சாப்பிடவே இல்லையோ, அது தெரிந்துவிடும் என்று பயந்து திறக்கவில்லை என்று பக்கத்துவீட்டுப் பெண் சொன்னாள். அன்றைக்கு ராத்திரி ஹைரம் தூங்கினான், பொய் சொல்லுவானேன், நன்றாகத் தூங்கினான். மறுநாள்தான் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க முடியாமல் போயிற்று. லவீனியா காரணம் கேட்டாள், காற்று வேண்டும் என்றான். இன்றுவரை திறந்துதான் வைக்கிறான். ஹோட்டலில்கூட ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்து வைக்கிறான், திருடன் வந்தாலும் வரட்டும் என்று. ஒரு கதவுக்கே இந்தப் பாடு. மட்ஜ், ஆம். ப்ரூயிட், இல்லை. இல்லை என்று சொல்லிவிடு, ஹைரம், வாஷிங்டனில் எல்லாம் மறந்துபோகும், அங்கே பெரிய பெரிய கதவுகள். ஜோடி என்று சொல்லிவிடு, வீட்டுக்குப் போய் வக்கீல் வேலை பார், வேலி வழக்கு, மாட்டு வழக்கு, ஹார்கின் பேச்சைக் கேட்டு ஒருத்தனும் உன்னிடம் வழக்குக் கொண்டுவர மாட்டான், சரி, பட்டினி கிட. இல்லை. ஜோடி. இல்லை. டட்டில், ஆம்.

விட்லாக்.

எழுந்ததே தெரியவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான், கட்டைவிரல் நகம் வெளுத்திருந்தது. இல்லை என்று சொல்லத்தான் எழுந்தான் என்று அவன் பிற்பாடு நினைத்தான். இல்லை என்று சொல்லத்தான் வாயையும் திறந்தான். நாக்கு மேலண்ணத்தை விட்டு வரவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, அந்தப் பெண் முகத்தைத் தந்தி வரும்வரை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்கிற பயம் மற்ற எல்லாப் பயத்தையும் முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றது. "நான் கேடோகனோட ஜோடி," என்றது அவன் குரல், பொடியன் குரல் மாதிரி. "அவர் இருந்தா ஆம்னு சொல்லுவார். நான் இல்லைன்னு சொல்லுவேன். அதனால நான் ஓட்டுப் போடலை." வழக்கமாகச் சொல்கிற வாசகம்தான், நூறு பேர் நூறு தடவை சொன்னது. உட்கார்ந்தான். குமாஸ்தா கூட்டிப் பார்த்தார், தலைவர் வாசித்தார், மசோதா ஒரு ஓட்டில் நிறைவேறியது. அந்தப் பக்கத்திலிருந்து ஆரவாரம், மேஜையைத் தட்டுகிறார்கள், பாஸ்கம் தன் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார், அவருக்கு ஒன்றும் தெரியாது, ஜோடி என்றால் ஜோடிதானே என்று இருந்தார். ஹைரம் மேலே பார்க்கவில்லை. நல்ல காரியம் செய்தால் நெஞ்சு லேசாகும் என்பார்களே, அதற்காகக் காத்திருந்தான். லேசாகவில்லை. ஹார்கின் இனி என்னை என்ன செய்வார் என்றுதான் ஓடியது, வட்டிக்கடைக் கடன், அதற்கு ஈடாக இருக்கிற வீடு, லவீனியாவின் தம்பிக்கு ரயில் கம்பெனியில் இருக்கிற வேலை, ஒவ்வொன்றாக.

தந்தி கொஞ்ச நேரத்திலேயே வந்தது. வாசல்காரர் கொண்டுவந்து கொடுத்ததைச் சபைத் தலைவர் இரண்டு தடவை படித்துவிட்டு எழுந்து நின்றார், அவர் நின்ற விதத்திலேயே எல்லாரும் எழுந்துவிட்டார்கள். நம் சக உறுப்பினர் ஓவன் கேடோகன் இன்று அதிகாலை, என்று தொடங்கினார். மாடத்தில் ஒரு சத்தம், அழுகை இல்லை, மூச்சு இழுக்கிற சத்தம். ஹைரம் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. சபை கலைந்தது. கலைந்தாலும் யாரும் போகவில்லை, கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள், பிறகு பேச்சு ஒரு பக்கமாக அடங்கிக்கொண்டு வந்தது, வழி விட்டார்கள், காட்ரின் வந்தாள். முகம் நனைந்திருந்தது, நடை நிதானமாகத்தான் இருந்தது. நேராக அவன் மேஜைக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே, ஹார்கின் வந்து நின்றதை ஹைரம் பார்த்தான். ஹார்கின் முகத்தில் கோபமே இல்லை. மெள்ளத் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தார், ஒன்றும் சொல்லாதே, உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது என்று. தந்தியை நிறுத்திவைத்தது வெளியே வந்தால் அவருக்கும் நாறிப்போகும். அப்படியானால் பழிவாங்கமாட்டார், வாய்மூடி இருந்தால் எல்லாமே மறுபடி சரியாகக்கூடும். ஹைரமின் வாழ்நாளில் இவ்வளவு பத்திரமான ஒரு பொய் கைக்கு எட்டினதில்லை. பொய்கூட இல்லை, சும்மா இருந்தால் போதும்.

"அப்பாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாத்திட்டீங்க, மிஸ்டர் விட்லாக்," என்றாள் காட்ரின். கையை நீட்டினாள். "அவர் போயிட்டது தெரியாமலே காப்பாத்தினீங்க. இதை அப்பாவுக்கு எழுதணும்னு இருந்தேன், இனி யாருக்கு எழுதறது. உங்ககிட்டயே சொல்லிடறேன், ரொம்ப நன்றி."

சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். பாஸ்கம்கூட ஆட்டினார். ஹைரம் அந்தக் கையைப் பார்த்தான், பிடிக்கவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றான்.

அவளுக்குப் புரியவில்லை. "என்ன தெரியும்?"

"காலையிலேயே தெரியும்மா. ஹார்கின் சொன்னார். தந்தியை அவர்தான் நிறுத்தி வெச்சிருந்தார்." இவ்வளவும் மேஜையைப் பார்த்துக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில், கேட்டதோ இல்லையோ என்கிற குரலில். அடிப்பாள் என்று நினைத்தான், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். அவள் நீட்டின கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள். பிறகு திரும்பி, படிக்குக் கீழே நின்றவரைப் பார்த்தாள். ஹார்கின் தொப்பியைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப சொன்னதை எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க," என்றாள்.

பயம் ஒரு இம்மிகூடக் குறையவில்லை, இனிக் குறையப்போவதும் இல்லை என்று ஹைரமுக்கு அப்போது தெரிந்தது. மேஜையை விட்டுக் கையை எடுத்தான், மூச்சை இழுத்துக்கொண்டான், சொன்னான். குரல் நடுங்கியது, ஆனாலும் வாசல்வரை கேட்டது.